முயல் தந்த மருந்தும் முல்லைத்தீவு இறாலும்

இலங்கையில் இறங்கி ஏறிய வவுனியா ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது என் கையில் இருந்த தெர்மாகோல் பெட்டியால்தான். ரயிலில் நிறையக் கூட்டம், நிற்கவே இடமில்லை. ஜன்னலோரத்தில் இருந்த இரண்டு சிங்களப் பெண்கள் பெட்டியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி எழுந்து தன் இடத்தைக் காட்டினாள். ஒன்றும் புரியாமல் விழித்தேன். பக்கத்தில் நின்ற தமிழர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்கள் ஆருக்கோ கிட்னி கொண்டு போறியளாம். பாவம், நேரத்துக்குப் போய்ச் சேர வேணும், இருக்க விடு எண்டு கதைக்கினம்."

இல்லை என்று மறுத்திருக்க வேண்டும். கால் கடுத்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கிட்னி கொண்டுபோகிற முகத்தோடு உட்கார்ந்துவிட்டேன். அந்த முகத்துக்கு நான் நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து பெட்டியை நான் கீழே வைக்கவே இல்லை.

பெட்டிக்குள் இருந்தது சுண்டுவிரல் நுனியளவு குப்பி. அதன் அடியில் பார்வைக்குத் தண்ணீர் போல் கொஞ்சம் திரவம். நான் தூத்துக்குடியில் ஒரு மீன்வள ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலையில் இருக்கிறேன். செத்த இறாலின் சதை ஏன் குழைகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. எல்லா உயிரின் செல்லுக்குள்ளும் புரதத்தை வெட்டும் நொதிகள் உண்டு. உயிர் இருக்கும்வரை அவை சின்னப் பைகளுக்குள் அடங்கிக் கிடந்து, பழுதான புரதத்தை மட்டும் தின்று செல்லைச் சுத்தமாக வைத்திருக்கும். செத்ததும் பை கிழியும். வெளியே வந்த நொதி அகப்பட்டதையெல்லாம் வெட்டித் தள்ளும். அப்படிப்பட்ட ஒன்றுக்குப் பெயர் கத்தெப்சின். ஆயிரம் புரதங்களுக்கு நடுவில் அதை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடிதான் குப்பியில் இருந்தது. இறாலில் கசியும் நீரைக் காகிதத்தில் ஒற்றி, இந்த ஆன்டிபாடியை ஊற்றினால், நொதி வெளியே வந்திருந்தால் பழுப்பாக ஒரு புள்ளி தெரியும். வராவிட்டால் காகிதம் வெள்ளையாகவே இருக்கும்.

அந்த ஆன்டிபாடியைத் தந்தது ஒரு முயல். அதற்கு ஊசி போட்டு, ரத்தம் எடுத்து, பிரித்து, நிறம் காட்டும் பொருளை அதோடு ஒட்டவைத்தோம். முயல் செத்துப்போனது. வேறு முயல்களுக்குப் போட்டுப் பார்த்தோம். அவை தந்தது நண்டையும் பிடித்தது, மீனையும் பிடித்தது, இறாலை மட்டும் சரியாகப் பிடிக்கவில்லை. கடைசியில் மிஞ்சியது இந்தக் குப்பியில் இருந்த அளவுதான், ஒரே ஒரு சோதனைக்குத்தான் போதும். அதைப் பிரித்து வைக்கவும் வழியில்லை. சூடு பட்டால் கெடும். உறைந்தால் அதைவிட மோசமாகக் கெடும். கெட்டால் என் திட்டம் அத்தோடு முடிந்தது, வேலையும் முடிந்தது. களப்பில், அதாவது கடலோர உப்பங்கழியில், அப்போதுதான் பிடித்த இறாலில் செய்து காட்டினால்தான் மேற்கொண்டு ஏதாவது பேசலாம் என்று என் மேலதிகாரி சொல்லியிருந்தார். எங்கள் பக்கம் களப்பு இறால் குறைவு. முல்லைத்தீவுக்காரர்களுக்கோ அதே இறாலால்தான் தலைவலி.

வவுனியாவில் தர்சினி காத்திருந்தாள். கிளிநொச்சியில் விரிவுரையாளர். கணினித் திரையில் மட்டுமே பார்த்திருந்த முகம். நேரில் என்னைவிட உயரமாக இருந்தாள். "அக்கா, களைச்சுப்போனியள்" என்று பெட்டியை வாங்கக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. அவள் கோபித்துக்கொள்ளவில்லை, என் துணிப்பையை வாங்கிக்கொண்டாள்.

முதல் இரவு நெளுக்குளத்தில் அவளுடைய அக்கா வீட்டில். அந்த அக்கா எனக்காகப் பிரிட்ஜில் ஒரு தட்டையே காலி செய்து, பழைய சீலைத் துணி விரித்து வைத்திருந்தார். சாப்பாட்டுக்குப் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும். எங்கள் ஊரில் புட்டுக்குப் பயறும் பழமும் தேடுவோம், இங்கே கறியை ஊற்றிக் குழைத்து அடிக்கிறார்கள். இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். பாதியில் கரண்ட் போனது. கை கழுவாமல் எழுந்து ஓடினேன். இருட்டில் நாற்காலியில் முட்டி, பிரிட்ஜ் கதவைத் திறக்காமல் அதன்மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன். கை வைத்தால் என்ன ஆகப்போகிறது? ஒன்றும் ஆகாது. ஆனாலும் நின்றேன்.

"பெத்த பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டாலும் உப்பிடி நிக்க மாட்டினம்" என்றார் அக்காவின் கணவர்.

"சும்மா இருங்கோ. அவாவுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்" என்று அக்கா அவரை அடக்கினார். கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது. புட்டு ஆறிப்போயிருந்தது.

மறுநாள் கிளிநொச்சி பஸ். நம்மூர் தனியார் பஸ்ஸைப் போலவே காது கிழியப் பாட்டு. ஒரு வித்தியாசம், எங்கள் கண்டக்டர் "உள்ள போ, உள்ள போ" என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாகக் கத்துவார். இங்கே "முன்னுக்குப் போங்கோ, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ அம்மா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, அதே அளவு ஆட்களை அடைக்கிறார்கள். இரண்டு பக்கமும் காடும் வயலும் மாறி மாறி வந்தன. கனகராயன்குளம் தாண்டியதோ இல்லையோ, டமார் என்று ஒரு சத்தம். டயர் போய்விட்டது.

எல்லோரும் இறங்கி நிழல் தேடினார்கள். நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வவுனியாவில் போட்ட ஐஸ் பாதிக்குமேல் தண்ணீராகியிருந்தது. ரோட்டோரத்தில் ஒரு சின்னக் கடை. ஐஸ் கட்டி இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஐஸ் இல்லைத் தங்கச்சி, ஐஸ்பழம் இருக்கு" என்றார் கடைக்காரர். குச்சி ஐஸைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சிவப்பு, பச்சை, ஆரஞ்சு என்று இருந்ததையெல்லாம் வாங்கினேன். வாங்கிய பிறகுதான் உறைத்தது, இது ஆழ்குளிரில் கிடந்த சாமான். அப்படியே குப்பியைச் சுற்றி வைத்தால் குப்பி உறைந்துபோகும். உருகும் ஐஸ்தான் எனக்கு வேண்டும், கல்லாக இறுகிய ஐஸ் ஆகாது. என்ன செய்ய? கை நிறைய ஐஸ்பழத்தைப் பிடித்துக்கொண்டு, மேற்பக்கம் இளகி வழியும்வரை ரோட்டோரத்தில் வெயிலில் நின்றேன். பஸ்ஸே வேடிக்கை பார்த்தது.

"விசரோ பிள்ளைக்கு? ஐஸ்பழத்தைக் காயப்போடுது" என்றாள் ஒரு கிழவி. தர்சினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. குப்பியைப் பஞ்சில் சுற்றி, நடுவில் வைத்து, இளகிய ஐஸ்பழங்களை ஓரத்தில் அடுக்கினேன். மிச்சத்தைப் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கொடுத்தோம். எனக்குப் பைத்தியம் என்று சொன்ன கிழவி பச்சையை வாங்கிக்கொண்டாள்.

கிளிநொச்சிக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே தர்சினியின் ஆய்வுக்கூடத்தில் கரண்ட் இல்லை. டிரான்ஸ்போமர் பழுது, சரியாக்க நாளாகும் என்றார்கள். தர்சினி பெருமையாகக் காட்ட நினைத்திருந்த குளிர்சாதனங்கள் எல்லாம் கதவைத் திறந்துபோட்ட அலமாரிகளாக நின்றன. "சொறி அக்கா, சொறி அக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள்மேல் எரிந்து விழ ஒரு கணம் வாய் துடித்தது. அவள் என்ன செய்வாள்? மீன் சந்தையில் ஐஸ் வாங்கிக்கொண்டு அக்கராயனில் அவள் பெற்றோர் வீட்டுக்குப் போனோம். குளத்துத் தண்ணீரில் நெல் விளைவிக்கிற குடும்பம். தோட்டத்துக் கீரை, தயிர், புதுநெல் சோறு. நல்ல ருசி. ஆனால் ஒரு கண் இலையில், மறு கண் பெட்டியில். அங்கேயே சோதனையைச் செய்துவிடலாமா என்று கேட்டேன். "இறால் இஞ்சை வந்து சேர முன்னம் செத்துப்போகும் அக்கா, களப்படியில் செய்வம். அங்கை ஐஸுக்குப் பஞ்சமில்லை" என்றாள் தர்சினி. அவள் சொன்னது சரிதான்.

மூன்றாம் நாள் முல்லைத்தீவு. தர்சினிக்குத் தெரிந்த ஜெசிந்தா அக்காவின் வீடு களப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில். வாசலில் மாதா படம், அதன் கீழே வலை, வலையின்மேல் ஒரு பூனை. அவரும் கணவர் மரியதாசும் களப்பில் இறால் பிடிக்கிறவர்கள். சில மாதங்களாக வாங்க வரும் லொறிக்காரன் இவர்கள் இறாலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறானாம். சதை குழைந்திருக்கிறது, பழைய இறாலைக் கலக்கிறீர்கள் என்கிறானாம்.

"கர்த்தர் மேல ஆணையாச் சொல்லுறன், நாங்கள் கலக்கிறேல்லை" என்றார் ஜெசிந்தா அக்கா. "முந்தநாளும் ஒரு பெட்டியைத் திருப்பிவிட்டவன். அது உங்கட சோதனைக்கெண்டு ஐஸிலயே கிடக்கு. உங்கட கடுதாசி என்ன சொல்லுதெண்டு நானும் பாக்கிறன்."

தர்சினி அவருக்கு விளக்கினாள்: இறாலுக்குள்ளே இருக்கிற நொதியம் வெளியே வந்திருந்தால் கடதாசியில் பழுப்பு நிறத்தில் புள்ளி விழும், வரவில்லையென்றால் வெள்ளை. அதை மட்டும் ஜெசிந்தா அக்கா நன்றாகப் பிடித்துக்கொண்டார்.

உயிரோடு இறால் எடுக்க மரியதாசின் வள்ளத்தில் நாங்களும் போகவேண்டியிருந்தது. வள்ளமோ சின்னது, மேலே மொட்டை வெயில். பெட்டியை அடுப்படியில் விட்டுவிட்டுப் போவது என்று முடிவானது. நான் ஜெசிந்தா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "அக்கா, ஐஸ் கரையாம மட்டும் பார்த்துக்கோங்க. கரைஞ்சா என் உயிரே போயிரும்."

"நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ பிள்ளை. ஐஸ் எங்களுக்குத் தெரியாத சாமானோ?" என்றார்.

உறையவும் கூடாது என்று நான் சொல்லவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை. சந்தையில் வாங்கிய வெறும் ஐஸில் வைத்தால் எதுவும் உறையாது என்பது என் நினைப்பு. நான் அறிந்த ஐஸ் அவ்வளவுதான்.

களப்பில் தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது. மரியதாஸ் வலையை இழுத்தபோது இறால்கள் துள்ளின. தூத்துக்குடியில் நான் பார்ப்பதெல்லாம் தட்டில் வரிசையாகப் படுத்திருக்கிற இறால். இவை ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறிக் கண்ணை உருட்டின. மூன்று நாளில் முதல் தடவையாக எனக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. தர்சினியைப் படம் எடுக்கச் சொன்னேன், கையில் ஒரு இறாலைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தேன். அது என் விரலில் குத்தியது.

திரும்பி வந்தபோது ஜெசிந்தா அக்கா வாசலிலேயே நின்றார். முகமெல்லாம் பூரிப்பு.

"ஒரு சொட்டுக் கரையேல்லை! வந்து பாருங்கோ!"

மூடியைத் திறந்தேன். ஐஸ் அப்படியே மொறுமொறுவென்று இருந்தது. பக்கங்களில் வெள்ளைப் பூச்சாய்ப் பனி. விரலை வைத்ததும் ஒட்டிப் பிடித்தது. ஐஸுக்கு நடுவில் கல்லுப்பு மின்னியது.

"உப்புப் போட்டீங்களா அக்கா?"

"பின்னை? உப்புப் போட்டால்தான் ஐஸ் நிண்டு பிடிக்கும். லொறி பிந்தினால் நாங்கள் உப்பிடித்தானே செய்யிறனாங்கள். நீங்கள் கரையக் கூடாதெண்டு சொன்னதால ரெண்டு மூண்டு தரம் போட்டனான்."

உப்புப் போட்ட ஐஸ் சும்மா ஐஸைவிட எவ்வளவோ குளிர்ந்துபோகும். பள்ளிக்கூடப் பாடம் அது. பஞ்சைப் பிரித்தேன். குப்பியின் அடியில் இருந்தது வெள்ளையாய்க் கல்லாய் இறுகிக் கிடந்தது. நான் வாயைத் திறந்தபோது தர்சினி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். ஜெசிந்தா அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "குளிர் போதாதோ, காணாதோ?" என்று கேட்டார்.

"காணும் அக்கா" என்றாள் தர்சினி.

குப்பியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு அடுப்படி மூலையில் உட்கார்ந்தேன். ஒரு தடவை உறைந்து இளகினால் சிலது பிழைத்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்ம முயல் நல்ல முயல் என்றும் சொல்லிக்கொண்டேன். இளகியதை வெளிச்சத்தில் பார்த்தேன். தெளிவாக இருக்கவேண்டிய திரவத்தில் நூல் நூலாக என்னவோ மிதந்தது. பார்க்காததுபோல் வேலையைத் தொடங்கினேன். திரும்பிப் போய் எடுத்துவர வேறு குப்பி எங்கே இருந்தது?

காகிதத்தில் அடுத்தடுத்துப் புள்ளிகள் வைத்தேன். இப்போது பிடித்த இறால், விடியற்காலையில் பிடித்து ஐஸில் வைத்த இறால், லொறிக்காரன் திருப்பிவிட்ட இறால். கடைசியில் மூலையில், நான் கொண்டுவந்திருந்த சுத்தமான கத்தெப்சின். அந்த மூலைப் புள்ளி எப்படியும் பழுப்பாகியே ஆகவேண்டும். அது வந்தால்தான் மற்றப் புள்ளிகளின் பேச்சை நம்பலாம். பிறகு, ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாதபடி காகிதத்தைப் பால்பொடிக் கரைசலில் ஊறவைத்தேன்.

"கடுதாசிக்கும் பால் பருக்கிறியளோ?" என்று ஜெசிந்தா அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அது ஊறும் நேரத்துக்குள் எங்களைச் சாப்பிட உட்கார்த்தினார். இறால் பொரியல், முருங்கையிலைச் சொதி. இந்தப் பயணத்தில் இதுதான் மிக நல்ல சாப்பாடு என்று தர்சினி பிறகு சொன்னாள். நான் சோற்றை அளைந்துகொண்டிருந்தேன். "உறைப்போ பிள்ளை?" என்று கேட்டுக் கேட்டு ஜெசிந்தா அக்கா இன்னும் கொஞ்சம் சொதி ஊற்றினார்.

ஆன்டிபாடியை ஊற்றினேன். வைத்திருந்தேன். கழுவினேன். நிறம் வரவைக்கும் சொட்டை விட்டேன். நால்வரும் தட்டைச் சுற்றிக் குனிந்து நின்றோம். ஊரில் என்றால் நான் இருமுவதற்குள் மூலைப் புள்ளி பழுப்பாகிவிடும். இங்கே காகிதம் வெள்ளை. கொஞ்சம் பொறுத்தேன். வெள்ளை. தட்டை மெல்ல ஆட்டினேன், ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன், கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். வெள்ளை, வெள்ளை.

"மாதாவே!" என்று ஜெசிந்தா அக்கா கத்தினார். "பாத்தியளோ? ஒண்டும் இல்லை! அவன் திருப்பிவிட்ட இறாலும் வெள்ளை!" கணவரின் தோளில் ஓர் அடி போட்டார். "நான் சொன்னனானெல்லே? உந்தக் கடுதாசியைத் தாங்கோ பிள்ளை. நாளைக்கு லொறி வரட்டும், அவன்ர முகத்துக்கு நேர பிடிக்கிறன்."

மரியதாஸ் அதிகம் பேசாதவர். அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. "ஒரு பிளாஸ்டிக் உறையில போட்டுத் தாங்கோ, நனையாமல்" என்றார்.

அந்தக் காகிதத்தைக் கொடுத்துவிட்டு அப்படியே கிளம்பிவிட்டால் என்ன என்றுகூட நினைத்தேன். அப்படிச் செய்தால் இவர்கள் இன்று சந்தோஷமாகத் தூங்குவார்கள். நாளைக்கு லொறிக்காரன் வேறு யாரையாவது அழைத்துவந்து சோதிப்பான். அப்போது இவர்கள் பொய்யர்கள் ஆவார்கள். தர்சினியைப் பார்த்தேன். அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

"அக்கா" என்றாள் அவள். "மூலையில ஒரு புள்ளி வந்திருக்கோணும். அது நாங்கள் வேணுமெண்டு வச்சது. அதுவும் வரேல்லை. அப்பிடியெண்டால் இந்தக் கடுதாசி ஒண்டையும் சொல்லேல்லை. உங்கட இறால் நல்லது எண்டும் சொல்லேல்லை, கெட்டது எண்டும் சொல்லேல்லை. மருந்து பழுதாப் போச்சு."

ஜெசிந்தா அக்கா காகிதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். எப்போது தொடங்கினேன் என்று எனக்கே தெரியாது.

"ஐயோ பிள்ளை, அழாதேங்கோ. கடல் தாண்டிக் கொண்டுவந்த சாமான்" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மீன் மணக்கிற கையால் என் தலையைத் தடவினார். "என்னெண்டு பழுதானது?"

தர்சினி என்னைப் பார்த்தாள்.

"வர்ற வழியில வெயில் பட்டிருக்கும் அக்கா" என்றேன். "சூடாயிருக்கும்."

அவர் தன் நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டார்.

"என்ர கடவுளே, நான் இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டிருக்கோணும்."